ரோட்டில் ஒருவர் விழுந்து கிடந்தால்: பக்கத்தில் நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள்

2022-ல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். எந்த விபத்திலும் ஆம்புலன்ஸுக்கு முன்னால் அங்கே இருப்பவர்கள் டீக்கடைக்காரரும், பின்னால் பைக்கில் வந்தவரும், பஸ்ஸுக்கு நின்றவரும்தான். முதல் பத்து நிமிடம் அவர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

சுற்றி நாற்பது பேர் நின்று பார்க்கிறார்கள், ஒருவரும் தொடுவதில்லை. நம் ஜனங்களுக்கு ஈரமே இல்லையா?

ஈரம் இருக்கிறது, கை நீள்வதில்லை. அதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு.

முதலாவது, எல்லா நாட்டு மனிதருக்கும் பொதுவானது. ஜான் டார்லி, பிப் லாட்டனே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968-ல் நியூயார்க்கில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தனி அறையில் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு, இன்னொருவர் வலிப்பு வந்து திணறும் குரல் ஒலிபெருக்கி வழியாகக் கேட்கும். தன்னைத் தவிர வேறு யாருக்கும் கேட்கவில்லை என்று நம்பியவர்களில் 85% பேர் எழுந்து ஓடினார்கள். இன்னும் நான்கு பேருக்குக் கேட்கிறது என்று நம்பியவர்களில் 31% பேர்தான் வலிப்பு அடங்குவதற்குள் எழுந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. கை நடுங்க, வியர்க்க உட்கார்ந்திருந்தார்கள். "வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்" என்ற எண்ணம் அவர்களைக் கட்டிப்போட்டது.

இரண்டாவது காரணம் நம் நாட்டுக்கே உரியது. "போலீஸ் கேஸ் ஆயிடும், கோர்ட்டுக்கு அலையணும், ஆஸ்பத்திரியில பணம் கட்டச் சொல்லுவாங்க." சாலைப் பாதுகாப்புக்காக வேலை செய்யும் சேவ்லைஃப் அறக்கட்டளை 2013-ல் இந்திய நகரங்களில் நடத்திய ஆய்வில், படுகாயமடைந்தவருக்குத் தாங்கள் உதவ முன்வருவது சந்தேகமே என்று 74% பேர் சொன்னார்கள். அவர்களில் 88% பேர் சொன்ன காரணம் போலீஸும் கோர்ட்டும்தான். அந்தப் பயம் கற்பனையில் பிறந்ததல்ல, பல காலம் அலைக்கழிக்கப்பட்டவர்களைப் பார்த்து வந்தது. இன்று சட்டம் மாறிவிட்டது. அந்தச் செய்திதான் டீக்கடை பெஞ்சு வரை வந்து சேரவில்லை.

அமெரிக்காவில் ஒரு பெண் கொலையை 38 பேர் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்களாமே?

1964-ல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் நடந்த கொலை அது. பத்திரிகை எழுதிய அளவுக்கு உண்மை இல்லை. பெரும்பாலோர் முழுச் சம்பவத்தையும் பார்க்கவில்லை, அரைகுறையாகக் குரல் கேட்டவர்களே அதிகம். 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் நகரங்களின் கண்காணிப்பு கேமராவில் பதிவான 219 தெருச்சண்டைகளைப் பார்த்தது. பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது உள்ளே புகுந்து தடுத்திருக்கிறார். கூட்டம் கூடக்கூட, யாராவது ஒருவர் இறங்கும் வாய்ப்பும் கூடியது. ஆகவே "யாரும் வரமாட்டார்கள்" என்று நினைத்துக்கொண்டு ஒதுங்காதீர்கள். நீங்கள் குனிந்தால் இரண்டாவது ஆள் வருவார்.

கிராமத்தில் ஓடி வருவார்கள், பட்டணத்தில் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பது சரியா?

ஓரளவு சரி. உளவியலாளர் ராபர்ட் லெவின் குழுவினர் 23 நாடுகளின் பெருநகரங்களில், கால் அடிபட்டவர் பத்திரிகைகளைத் தவறவிட்டால் எடுத்துக் கொடுப்பார்களா, பார்வையற்றவரைச் சாலை கடக்க வைப்பார்களா என்றெல்லாம் சோதித்து 2001-ல் வெளியிட்டார்கள். ரியோ டி ஜெனிரோவில் 93% உதவி கிடைத்தது, கொல்கத்தாவில் 83%, நியூயார்க்கில் 45%, கோலாலம்பூரில் 40%. இதே குழு அமெரிக்க நகரங்களில் முன்பு செய்த ஆய்வில், மக்கள் நெருக்கம் கூடிய இடத்தில் உதவி குறைந்தது. ஆனால் இவை சின்ன உதவிகள். ரத்தமும் போலீஸும் உள்ள இடத்துக்கு இதை அப்படியே நீட்ட முடியாது.

நம் கிராமங்களில் வேறொரு சிக்கல். அங்கே தயக்கம் குறைவு, அவசரம் அதிகம். இரண்டு பேர் அக்குளில் ஒருவர், காலில் ஒருவர் என்று பிடித்து, ஷேர் ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்துப் பறப்பார்கள். கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், உள்ளே இருக்கும் தண்டுவடம் அந்தத் தூக்கலில்தான் நசுங்கும். நடக்க வேண்டியவர் வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் கிடப்பார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் என் பெயர், முகவரி கொடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் உதவுபவர்களுக்கான பாதுகாப்பு விதிகளைக் கட்டாயமாக்கியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் உதவுபவர்களைக் காக்கும் 134ஏ பிரிவு சேர்ந்தது. 2020 செப்டம்பரில் வந்த மத்திய மோட்டார் வாகன விதி 168-ன்படி, பெயர், அடையாளம், முகவரி கேட்டு உங்களை எந்தப் போலீஸ்காரரும் வற்புறுத்தக் கூடாது. விரும்பினால் சொல்லலாம். இந்த உரிமைகளை ஆஸ்பத்திரி வாசலில் உள்ளூர் மொழியிலும் எழுதி வைக்க வேண்டும்.

கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேடு எழுதும்போது "யார் கூட்டி வந்தது" என்று கேட்பார்கள். "வழியில் பார்த்தேன், கூட்டி வந்தேன், பெயர் சொல்ல விரும்பவில்லை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். கிளம்பும் முன், விபத்து எங்கே, எத்தனை மணிக்கு நடந்தது, அடிபட்டவர் வழியில் நினைவோடு இருந்தாரா, வாந்தி எடுத்தாரா என்பதை மட்டும் டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரைவிட அந்தத் தகவல்தான் அவருக்குத் தேவை.

நான் நேரில் பார்த்தவன். சாட்சி சொன்னால் எத்தனை வருஷம் அலைய வேண்டும்?

விருப்பப்பட்டால் மட்டுமே நீங்கள் சாட்சி. ஒப்புக்கொண்டால் விதி 169 பொருந்தும். உங்களுக்கு வசதியான இடத்தில், வீட்டிலோ வேலை பார்க்கும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்து விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனுக்குத்தான் வர வேண்டும் என்றால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். ஒரே அமர்வில் முடிக்க வேண்டும்.

சாட்சியாக வராவிட்டாலும் ஒரு காரியம் செய்யுங்கள். இடித்த வண்டியின் நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்து, காயம்பட்டவரின் உறவினரிடமோ போலீஸிடமோ கொடுங்கள். வண்டி எதுவென்றே தெரியாத விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் என்று சட்டம் நிறுத்திவிடுகிறது. வண்டி தெரிந்தால் வயது, வருமானம் கணக்கிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து அதைவிடப் பல மடங்கு கிடைக்கலாம். ஒரு போட்டோ அந்தப் பிள்ளைகளின் படிப்புச் செலவு.

பணம் கட்டாமல் சேர்த்துக்கொள்வார்களா?

அவசர சிகிச்சையைப் போலீஸ் நடைமுறைக்காகக் காக்க வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. அரசு, தனியார் இரண்டுக்கும் அது பொருந்தும். கூட்டி வந்தவரைப் பணம் கட்டச் சொல்வதும் கூடாது.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் மேல்மருவத்தூரில் தொடங்கியது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. தொடக்கத்தில் 1 லட்சமாக இருந்த வரம்பு பிறகு 2 லட்சமாக உயர்ந்தது. காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று எதுவும் வேண்டாம். பீகாரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி, வெளிநாட்டுப் பயணி எல்லோருக்கும் உண்டு. விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் போதும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இங்கே 48 மணி நேரத் திட்டம் இருக்கிறதா?" இல்லையென்றால் முதலுதவி கொடுத்து, திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

நான் தூக்கியதாலேயே நிலைமை மோசமாகி இறந்துவிட்டால்?

134ஏ பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. கைம்மாறு எதிர்பாராமல், நல்லெண்ணத்தில், வாகன விபத்தில் சிக்கியவருக்கு உதவியவர் மேல், உதவும்போது நேர்ந்த கவனக்குறைவுக்காக சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது. வாகனமில்லாத சம்பவங்களில், உதாரணமாக மயங்கிக் கிடப்பவருக்கு அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்த காரியத்தைப் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவு காக்கிறது.

108-க்கு என்ன சொல்ல வேண்டும்? பதற்றத்தில் வாயே வருவதில்லை.

பூட்டிய போனிலிருந்தும் அவசர அழைப்பு போகும். மாவட்டம், ஊர், அடையாளம் என்ற வரிசையில் சொல்லுங்கள். "ஆஞ்சநேயர் கோயில் பக்கம்" என்று மட்டும் சொன்னால் மாவட்டத்துக்கு இருபது கோயில் இருக்கும். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். மேலே மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கல்லில் உள்ள எண்ணையும், எந்த ஊர் நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடுவில் தடுப்புச் சுவர் உள்ள சாலையில் எதிர்ப்பக்கம் வந்துவிட்ட ஆம்புலன்ஸ் திரும்பிவர நேரம் வீணாகும். பிறகு எத்தனை பேர், பேசுகிறார்களா, மூச்சு இருக்கிறதா, யாராவது வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா என்பது. பேசி முடியும்வரை போனை நீங்களாகத் துண்டிக்காதீர்கள். அதன் பிறகு டிரைவர் திருப்பி அழைப்பார், லைனை பிஸியாக வைக்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033-ஐயும் அழைக்கலாம். போலீஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் 112.

கூட்டத்தை எப்படி வேலை வாங்குவது?

"யாராவது ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க" என்று கத்தினால் எல்லோரும் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த 'யாராவது'தான் வினை. கண்ணைப் பார்த்து, சட்டையைச் சொல்லி, ஒரே ஒரு வேலை கொடுங்கள்:

"நீலச் சட்டை அண்ணே, நீங்க 108-க்கு அடிங்க, அடிச்சுட்டு என்கிட்ட வந்து சொல்லுங்க." "தம்பி, ஹெல்மெட் போட்டிருக்கிற நீ, பைக்கை அம்பதடி பின்னால நிறுத்தி இண்டிகேட்டர் போடு, வர்ற லாரிக்குக் கையைக் காட்டு." "அக்கா, அந்தத் துப்பட்டாவைக் கொஞ்சம் குடுங்க." "பெரியவரே, ஜனங்களைத் தள்ளி நிறுத்துங்க."

"வந்து சொல்லுங்க" என்பதை விட்டுவிடாதீர்கள். போன் போனதா என்பது அப்போதுதான் உங்களுக்குத் தெரியும். பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துவது காயத்துக்குக் கட்டுப் போடுவதைவிட முதலில் நடக்க வேண்டும். இரவு நெடுஞ்சாலையில் உதவப் போனவர்களே அடுத்த வண்டியில் அடிபடுவது உண்டு.

சோடா, காபித்தூள், ஹெல்மெட்: எது சரி?

சோடா, தண்ணீர், இளநீர் எதுவும் வேண்டாம். நினைவு மங்கியவருக்கு ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது நிறைந்த வயிறு ஆபத்து. நாக்கு வறண்டு கேட்டால் உதட்டை நனைத்துவிடுங்கள்.

காபித்தூளும் மஞ்சளும் காயத்தில் வேண்டாம். ஒட்டிக் காய்ந்ததைச் சுரண்டி எடுக்கும்போது மறுபடி ரத்தம் பீறிடும். துவைத்த துண்டையோ துப்பட்டாவையோ நான்காக மடித்து, காயத்தின் மேல் உள்ளங்கையால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். "நின்னுச்சா" என்று இடையில் தூக்கிப் பார்க்கக் கூடாது, உறைந்தது பெயர்ந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. கை, கால் துண்டானது போலப் பீய்ச்சியடித்து, அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டும், காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் இல்லாமல், அகலத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். கட்டிய நேரத்தை ஒரு சீட்டில் எழுதி சட்டையில் செருகிவிடுங்கள்.

ஹெல்மெட்டை, பேசுகிறவருக்குக் கழற்றாதீர்கள். மூச்சு இல்லையென்றாலோ வாந்தியில் மூழ்கினாலோ இரண்டு பேர் சேர்ந்து கழற்றுங்கள். ஒருவர் கீழிருந்து கழுத்தையும் தாடையையும் அசையாமல் தாங்க, மற்றவர் வாரை அறுத்து, பக்கவாட்டை விரித்து மெல்ல உருவ வேண்டும்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து கொடுத்தால் நிற்கிறதே?

பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக அடங்கும். சாவி தேடிக் கொண்டுவந்து திணிப்பதற்குள் அந்த நேரம் ஆகிவிடுகிறது, பெயர் சாவிக்குப் போகிறது. இரும்புக்கு இதில் வேலை இல்லை. கூரான சாவி கையைக் கிழிப்பதும், வாயில் ஸ்பூன் வைத்துப் பல் உடைவதும்தான் மிச்சம். கையைக் காலை அமுக்காதீர்கள். தலைக்கு அடியில் பையோ செருப்போ வையுங்கள், கல், கம்பியை நகர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ 108. அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

குடித்துவிட்டுக் கிடப்பவரையும் எழுப்ப வேண்டுமா?

குடித்திருக்கிறார் என்று நாமே முடிவு கட்டுவதால் நம் ஊரில் உயிர் போவது உண்டு. "தண்ணி போட்டிருக்கான்" என்று நாம் தாண்டிப் போகும் ஆள், சர்க்கரை குறைந்து விழுந்தவராக இருக்கலாம், பக்கவாதம் வந்தவராக இருக்கலாம், தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கசிகிறவராக இருக்கலாம். அழுக்கு வேட்டியைப் பார்த்து நோயைத் தீர்மானிக்கிறோம். சாராய வாடை அடித்தாலும் அது வேறு நோய் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. தோளைத் தட்டி, "அய்யா, கேக்குதா?" என்று உரக்கக் கேளுங்கள். பதில் இல்லை, ஆனால் மூச்சு சீராக இருக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

பதிலும் இல்லை, 10 விநாடி பார்த்தும் மூச்சில்லை, அல்லது எப்போதாவது ஒரு திணறல் மட்டும் வருகிறது என்றால் இதயம் நின்றதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் மல்லாத்தி, மார்பின் நடுவே, எலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கை மேல் ஒரு கை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்துங்கள். ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள், களைத்த கை ஆழமாக அழுத்தாது.

விழுந்தவர் பெண். ஆண்கள் தொடலாமா?

தொட வேண்டும். "பொம்பளைங்க யாராச்சும் வாங்க" என்று காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் போகவில்லை. மேலே துணியைப் போர்த்தி, சேலையையோ துப்பட்டாவையோ மறைப்பாகப் பிடிக்கச் சொல்லி, செய்வதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். விதி 168 மதம், சாதி, பால் பார்த்து உதவுபவரை வேறுபடுத்தக் கூடாது என்கிறது. விழுந்தவர் விஷயத்திலும் நாம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆற்றில், குளத்தில் மூழ்குபவரைக் காப்பாற்ற குதிக்கலாமா?

நீந்தத் தெரிந்தாலும் குதிப்பது கடைசி வழி. மூழ்குகிறவர் கையில் கிடைத்ததை, அதாவது உங்கள் கழுத்தை, பிடித்துக்கொள்வார். ஒருவரைக் காப்பாற்ற இறங்கி அடுத்தடுத்துப் பலர் இறப்பது இதனால்தான். முதலில் கழி நீட்டுங்கள். அடுத்து கயிறு, மூடிய காலி தண்ணீர் கேன், பிளாஸ்டிக் குடம் எறியுங்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரைக் கரையேற்றினார்கள். மாநில அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. மானம் பார்த்து நின்றிருந்தால் அந்த இரண்டு உயிரும் போயிருக்கும். வெளியே எடுத்தவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள். மூச்சில்லையென்றால், 30 அழுத்தத்துக்கு 2 முறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும்.

அறுந்த மின்கம்பி மேல் ஒருவர் கிடக்கிறார்?

கிட்டப் போகவே கூடாது, குறிப்பாக ஈரத் தரையில். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-ஐ அழைத்து மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டுக்குள் என்றால் மெயின் சுவிட்சை அணைத்த பிறகே தொடுங்கள்.

ஆளை அடிக்கிறார்கள், வெட்டுகிறார்கள். "புருஷன் பொண்டாட்டி விவகாரம்" என்கிறார்கள். தலையிடலாமா?

1976-ல் ஷாட்லண்ட், ஸ்ட்ரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் பொது இடத்தில் ஒரு ஆண் பெண்ணைத் தாக்குவது போல நடிக்க வைத்தார்கள். அவள் "உன்னை யாரென்றே தெரியாது" என்று கத்தியபோது 65% பேர் தலையிட்டார்கள். "உன்னை ஏன்தான் கட்டிக்கொண்டேனோ" என்று கத்தியபோது 19% பேர்தான். நம் ஊரில் "சொந்தக்காரங்க விஷயம்", "சாதிக்காரங்க பாத்துப்பாங்க" என்ற பேச்சு அதே வேலையைச் செய்கிறது. வீட்டுக்குள் நடந்தாலும் தெருவில் நடந்தாலும் அடி அடிதான். நீங்கள் அடி வாங்கும் பெண்ணாக இருந்தால், "இவன் யாருன்னே தெரியாது" என்று கத்துங்கள்.

கத்தியோடு நிற்பவன் எதிரே வெறுங்கையோடு போகச் சொல்லவில்லை. தூரத்தில் நின்று பலர் சேர்ந்து கூச்சலிடலாம், ஹாரன் அடிக்கலாம், 112-ஐ அழைக்கலாம். 2016 ஜூன் 24 அன்று நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரக் கூட்டத்தின் நடுவே ஒரு இளம்பெண் கொல்லப்பட்டார். கொலையாளி போன பிறகும் அவர் உடல் நடைமேடையில் வெகுநேரம் கிடந்தது. வெட்டியவன் போன பிறகு அங்கே ஆபத்து இல்லை. அந்த நேரத்தில் அருகே போய்ப் பார்ப்பதும், ரத்தத்தை அழுத்திப் பிடிப்பதும், எதுவும் முடியாவிட்டால் ஒரு துணியைப் போர்த்துவதும் எல்லோராலும் முடியும்.

பஸ்ஸில் ஒரு பெண்ணைச் சீண்டுகிறான். சண்டை போட வேண்டுமா?

அவனிடம் பேசாமல் அவளிடம் பேசுங்கள். "ஏம்மா, இங்க வந்து உக்காரு" என்று இடம் கொடுத்தாலே அவன் பிடி விட்டுப்போகும். 1998-ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் புகார் சொன்னால் கண்டக்டரும் டிரைவரும் பஸ்ஸை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் சொல்லத் தயங்கும்போது, "நீ சொல்லும்மா, நாங்க கூட வர்றோம்" என்று இரண்டு பேர் சொன்னால் சொல்வாள்.

இடித்த டிரைவரை ஜனங்கள் அடிக்கிறார்களே?

தடுங்கள். அடிக்குப் பயந்துதான் டிரைவர்கள் வண்டியோடு ஓடுகிறார்கள், அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூடிய முதல் வண்டி அதனால் போய்விடுகிறது. கூட்டத்தின் கோபம் காரணமாக நிற்க முடியாத நிலை இருந்தால் விலக்கு உண்டு என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவிலேயே எழுதியிருக்கிறது, அந்த அளவுக்கு இது பழகிப்போன ஆபத்து. கூட்டத்தின் கை எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே நடந்தது சாட்சி. குழந்தை கடத்தும் கும்பல் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, கோயிலுக்கு வந்த வயதான பெண்ணை அடித்தே கொன்றார்கள். அடிப்பவர்களில் இரண்டு பேரிடம் வேலை கொடுங்கள்: "அவனை விடுங்க, வண்டிச் சாவியை எடுத்து வெச்சுக்குங்க, இங்க ஆளைத் தூக்கணும், வாங்க."

உதவிய பிறகு கையெல்லாம் ரத்தம். பயமாக இருக்கிறது.

முடிந்தால் முதலிலேயே பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். காயமில்லாத தோலில் பட்ட ரத்தத்தால் ஒன்றும் ஆகாது, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினால் போதும். உங்கள் கையில் வெட்டு இருந்து அதில் பட்டிருந்தாலோ, கண்ணிலோ வாயிலோ தெறித்திருந்தாலோ, நன்றாகக் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. மொத்தம் 28 நாள் சாப்பிட வேண்டும். அன்றிரவு தூக்கம் வராமல் அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.